ஒகையோ யாக்கோப்புக்கு நான் எழுதிய கல்வெட்டு

அன்பு மகன்,

நீ சுகமாகத்தான் இருக்கிறாய். நேற்று டெலிபோனில் நீ போட்ட சத்தத்திலேயே உன் நுரையீரல் இரண்டும் நல்ல திடமாக இருப்பது விளங்கிவிட்டது. "அப்பா, நான் சூரிச் மாநில சபைக்கு எலெக்சன் கேக்கிறன், செத்துப் போகேல்லை!" என்று நீ கத்தியது குசினிக்குள் நின்ற உன் அம்மாவுக்கும் கேட்டது. தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் போட உன்னைப் பற்றித் தமிழில் பத்து வரி கேட்டாய். நான் நாற்பது வரி எழுதி அனுப்பினேன். 'இன்னாரின் அருமைப் புதல்வரும் இன்னாரின் பாசமிகு மருமகனும்' என்று தொடங்கி, 'இரந்தோர்க்கு இல்லையென்னாத கரத்தார்' என்று நடத்தி, 'ஊரார் போற்ற வாழ்ந்த உத்தமர்' என்று முடித்திருந்தேன். உன் அம்மா வாசித்துப் பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, ஒரு மாலையும் குத்துவிளக்கும்தான் குறை" என்றாள். நான் கவனிக்கவில்லை. பழகின கை, மகன், தானாக எழுதிவிடுகிறது.

உனக்குத் தெரியும், யாழ்ப்பாணத்தில் நான் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், கிளாக்காக இருந்தபடியே செத்தவீடுகளுக்குக் கல்வெட்டு எழுதிக் கொடுத்தேன். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகம். இறந்தவரின் வரலாறும் புகழ்ப்பாட்டும் அதில் இருக்கும். அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான்: குறை எழுதக்கூடாது. அடுத்த வீட்டுக்காரனோடு முக்கால் அடி வேலிக்காக இருபது வருடம் கோடேறி வழக்காடிய மனிதரை 'எல்லை தவறாத நெறியாளர்' என்று எழுதினேன். கள்ளத் தராசு வைத்திருந்த கடைக்காரரை 'அளந்து பேசும் வணிகர்' என்றேன். சனம் வாசித்துக் கண்ணீர் விட்டது. அந்தத் தராசால் ஏமாந்த சனமும்தான் விட்டது. அந்தத் திறமையை நான் சுவிஸுக்கும் கொண்டுவந்து, எங்கள் மூன்று பேருடைய வாழ்க்கையையும் அந்தரத்தில் தொங்கவிட்ட கதை உனக்குத் தெரியாது. உனக்குப் பத்து வரி தரமாட்டேன், அந்தக் கதையைத் தருகிறேன். அது உன்னைப் போல மாநில சபைக்கு எலெக்சன் கேட்ட ஒருவருடைய கதையும்தான்.

எண்பதுகளின் நடுவில், அகதியாய் வந்த என்னையும் வேறு ஐந்து தமிழரையும் வின்டர்தூருக்கு அப்பால், தபால் பஸ்ஸில் அரை மணித்தியாலம் போகிற ஒரு திராட்சைத் தோட்டக் கிராமத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பகலில் அங்கே ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினேன். நீயும் அம்மாவும் ஊரில். செல் குண்டு விழுந்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று ஐந்து வயதில் உனக்குத் தெரிந்திருந்ததாம். அம்மா அதைப் பெருமையாக எழுதியிருந்தாள். அதை வாசித்துவிட்டு நான் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்று அழுதேன். உங்களைக் கூப்பிடுவதற்கு எனக்கு பெர்மிட் வேண்டும். என் அகதி மனுவை ஒருமுறை தள்ளிவிட்டிருந்தார்கள். இனி மிச்சம் இருந்தது ஒரே வழி: ஊர்ச் சபையின் தலைவர், எல்லாரும் பிறெசிடென்ட் என்று கூப்பிடுகிற மனிதர், 'இந்த ஆள் எங்களுக்கு வேண்டியவர்' என்று மாநில அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். பிறெசிடென்ட் என்றவுடன் நான் கோட்டுப் போட்ட ஒருவரைத் தேடினேன். அவரோ சேறு பூசின சப்பாத்தோடு டிராக்டரில் வந்து, சமையலறைப் பின்கதவில் திராட்சை மது இறக்கிவிட்டுப் போகிறவர். அவர்தான் இவர் என்று தெரியாமல் இரண்டு மாதம் அவருக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறேன்.

அந்த ஊருக்கு ஒரு பெருமை இருந்தது. அங்கே பிறந்த யாக்கோப் என்பவர் அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, ஒகையோ என்கிற மாநிலம் உண்டான புதிதில் அதன் சட்டசபைக்குத் தெரிவானாராம். அதற்குமேல் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. எண்பதுகளில் அவருடைய வாரிசுகள் அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டு ஆங்கிலக் காகிதம் அனுப்பினார்கள். அவருக்கு ஒரு விழா எடுத்து, ஊர் நடுவில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் பெயர் பொறிப்பதென்று சபை முடிவு செய்தது. ஆனால் காகிதங்கள் பழங்காலத்து ஆங்கிலம். பள்ளிக்கூட ரீச்சருக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். ஆங்கிலம், பாட்டுக் கேட்கிற அளவுக்குத்தான். பிறெசிடென்ட் பின்கதவில் வந்து நின்று, "உமக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். அவர் கேட்டது சுவிஸ் டொச்சில், அந்த ஊர் ஜெர்மனில். எனக்குக் கேட்டது தமிழில். "கச்சேரியில பதினெட்டு வருஷம் அதுதான் என்ர வேலை" என்றேன். "அப்ப எங்கட யாக்கோப்பைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் செய்து தாரும். உம்மட பெர்மிட் கடிதத்தை நான் விழா முடிய எழுதுறன்" என்றார். உன்னையும் அம்மாவையும் கிளோட்டன் விமான நிலையத்திலேயே கண்டுவிட்டதுபோல எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது.

பிறகு காகிதங்களை வாசித்தேன். ஐயோ கடவுளே! யாக்கோப்பை ஊர் அழுது வழியனுப்பவில்லை. பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குச் சோறு போடக் கஷ்டப்பட்ட ஊர்ச் சபை, திரும்பி வரமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறது. அங்கே போய்ப் பீப்பா செய்து விற்றார். முதல் தேர்தலில் தோற்றார். அடுத்த தேர்தலில் வாக்குச் சாவடிக்கு முன்னால் ஒரு பீப்பா விஸ்கியைத் திறந்து வைத்தார், வென்றார். சட்டசபையில் அவர் கொண்டுவந்த முதல் பிரேரணை, பன்றிகளைத் தெருவில் அலையவிடக் கூடாது என்பது. ஊரிலேயே அதிகப் பன்றி வைத்திருந்தவர் தன் மனைவியின் தகப்பன் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்திருக்கிறது. அடுத்த கிழமை எழுந்து தன் பிரேரணையை எதிர்த்துத் தானே ஒரு மணித்தியாலம் பேசினாராம். பாலம் ஒன்று கட்டுவித்தார். அது நேரே அவருடைய மாவு ஆலையில் போய் முடிந்தது. கடைசியில் வேலித் தகராறில் அடுத்த வீட்டுக்காரனோடு கோடேறி, வழக்கு முடியுமுன்னே செத்துப்போனார். அதை வாசித்தபோது, 'அட, இவர் நம்முடைய ஆள்!' என்று எனக்கு மனது குளிர்ந்தது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் குளிரவில்லை. மூன்றாம் முறை வென்றபின் அவர் ஒரு பிரேரணை கொண்டுவந்திருக்கிறார்: இனிக் கப்பலில் வருகிறவர்கள் இருபது வருடம் போகும்வரை வாக்குப் போடக்கூடாது, வந்தவர்களால் மாநிலம் கெட்டுப்போகும் என்று. அவர் வந்து அப்போது இருபத்தொரு வருடம். பிரேரணை தோற்றது, அடுத்த தேர்தலில் அவரும் தோற்றார்.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? இருப்பதை இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். நான் கல்வெட்டு எழுதினேன். ரீச்சர் என் டொச்சைத் திருத்தித் திருத்தித் தட்டச்சில் அடித்தார்; பாவம், அவருக்கு மூலம் என்ன என்று தெரியாது. ஊரார் கண்ணீர் மல்க வழியனுப்பினர் என்று எழுதினேன். விலங்குகள்மேல் அன்பு கொண்டவர் என்றேன். ஆற்றின் இருகரை மக்களையும் இணைத்தவர் என்றேன். புதிதாக வந்தவர்களைப் பற்றிய பக்கத்தை, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி அப்படியே மறைத்துவிட்டு, 'அந்நியரைத் தம் உறவினராய் அணைத்தவர்' என்று ஒரு வரி போட்டேன். அது எனக்காகப் போட்டதுதான், மறுக்கவில்லை. பிறெசிடென்ட் அதை வாசித்து என்னையும் அணைக்கட்டும் என்ற ஆசை. பழக்க தோஷத்தில் 'மதுவை மனதாலும் தீண்டாதவர்' என்றும் எழுதிவிட்டேன். அதை வாசித்த பிறெசிடென்ட், ஊர் முழுக்கத் திராட்சை வளர்த்து மது வடிக்கிற ஊரின் தலைவர், என்னைக் கவலையோடு பார்த்து, "ஏன், அந்த மனிசனுக்கு ஈரல் வருத்தமோ?" என்றார். அந்த வரியை மட்டும் வெட்டினோம். மற்றதெல்லாம் அச்சில் ஏறிப் புத்தகமாய் வந்து, விழாவன்று ஒவ்வொரு கதிரையிலும் ஒன்று கிடந்தது.

விழாவுக்கு அமெரிக்காவிலிருந்து யாக்கோப்பின் பேத்திக்குப் பேத்தி ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும், நல்ல உயரம், வெள்ளைச் சப்பாத்து, ஒரே சிரிப்பு. அவர் ஆங்கிலத்தில் பேச நான் பக்கத்தில் நின்று டொச்சில் சொல்லவேண்டும். இரவல் கோட்டு, தோள் இரண்டு அங்குலம் கீழே தொங்கியது. அந்த மனுசி மேடையில் ஏறி, எடுத்த எடுப்பிலேயே, "எங்கள் குடும்பத்தில் யாக்கோப்பை நினைத்தால் எல்லாருக்கும் சிரிப்புத்தான் வரும்" என்று தொடங்கிப் பன்றிக் கதை, விஸ்கிக் கதை, சீட்டுக் கொடுத்துத் துரத்தின கதை என்று மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். முந்நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். முன்வரிசையில் பிறெசிடென்ட், கையில் என் புத்தகம். நான் தொண்டையைச் செருமி, "அம்மையார் உங்களுடைய அன்புக்கு நன்றி சொல்லுகிறார்" என்றேன்.

"அவ்வளவும்தானோ?" என்று யாரோ கேட்டார்கள். "மிகவும் நன்றி சொல்லுகிறார்" என்றேன். அப்போதுதான் ரீச்சர் எழுந்தார். அவருக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் பன்றி என்ற சொல்லும் இருந்துவிட்டது. "பன்றியைப் பற்றிச் சொன்னாவே, அது என்ன?" என்று சபை நடுவில் கேட்டார். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்கிற நிலை. பொய்யைத் தொடர்ந்தால் அந்த மனுசி முகத்தில் விழிக்க முடியாது. உண்மையைச் சொன்னால் பிறெசிடென்ட் முகத்தில் விழிக்க முடியாது, கடிதம் போய்விடும், நீயும் அம்மாவும் அங்கேயே. ரீச்சரோ பதில் கேட்காமல் உட்காரமாட்டேன் என்று நின்றார், மகன். பிறகு நான் பன்றிக் கதையைச் சொன்னேன். மண்டபம் வெடித்துச் சிரித்தது. விஸ்கியைச் சொன்னேன். முந்திய ஊர்ச் சபைத் தேர்தலில் பிறெசிடென்டிடம் தோற்ற ஒருவர் எழுந்து அவருக்கு விரலைக் காட்டிச் சிரித்தார். சீட்டுக் கொடுத்து அனுப்பிய கதைக்குப் பின்னால் இருந்த ஒரு கிழவர் எழுந்து, "அந்தச் சபையில என்ர பூட்டன் இருந்தவர், அவர் செய்யக்கூடிய ஆள்தான்!" என்றார். சிரிப்பு அடங்கியபோது அந்த மனுசி மெல்லிய குரலில் நான் மறைத்த அந்தப் பக்கத்தையும் சொன்னார். அதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. இனி வருகிறவர்கள் வேண்டாம், அவர்களால் ஊர் கெட்டுப்போகும் என்று, இரவல் கோட்டோடு, பெர்மிட் இல்லாத நான், அவர்களுடைய பாஷையில் அவர்களுக்குச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பிறெசிடென்ட் என் புத்தகத்தை இரண்டாய் மடித்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

இரண்டு கிழமை அவர் பின்கதவுக்கு வரவில்லை. மதுவை அவருடைய தம்பி கொண்டுவந்து இறக்கினார். அறையில் என்னோடிருந்த ஐந்து பேரும், "கண்டறியாத கல்வெட்டு! உனக்கேன் இந்த வேலை?" என்று சாப்பிடும்போதெல்லாம் ஏசினார்கள். அம்மாவிடமிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: எப்போது கூப்பிடுவீர்கள் என்று. மூன்றாம் கிழமை பிறெசிடென்ட் வந்தார். ஒரு கையில் போத்தல், மறு கையில் வெறும் காகிதம். வெங்காயம் வெட்டுகிற மேசையில் இருந்துகொண்டு, "உம்மைப் பற்றிக் கடிதம் எழுதப்போறன். நீர் பக்கத்தில இரும். நான் நல்லதை எழுதுறன், நீர் கெட்டதைச் சொல்லும்" என்றார். "கெட்டதோ?" "ஓம், கெட்டது. இல்லாட்டி ஆர் நம்புவினம்?" நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். அறையில் சமைத்தால் உப்பு அதிகம் போடுவேன், வேலை செய்யும்போது பாடுவேன், குரல் நன்றாக இல்லை, செத்தவர்களைப் பற்றிப் பொய் எழுதுவேன். எல்லாவற்றையும் எழுதினார். கடைசி வரியைத் தானே சேர்த்தார்: 'உயிரோடிருக்கிற முந்நூறு பேருக்கு முன்னால் உண்மை சொன்னவர்.' ஐந்தாம் மாதம் பெர்மிட் வந்தது. எட்டாம் மாதம் கிளோட்டனில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெடியன் என்னைப் பார்த்து, "அம்மா, இந்த மாமா ஆர்?" என்று கேட்டான். அவன்தான் இப்போது தேர்தல் கேட்கிறான்.

இதோடு நிறுத்தினால் இதுவும் ஒரு கல்வெட்டாகிவிடும். நிறுத்தப் போவதில்லை. நீங்கள் வந்து இரண்டாம் வருடம், ஊரின் பழைய பாற்பண்ணைக் கட்டிடத்தில் இன்னும் பன்னிரண்டு தமிழ்ப் பெடியன்களைக் கொண்டுவந்து விடலாமா என்று மாநிலம் கேட்டது. பிறெசிடென்ட் பின்கதவில் வந்து நின்று, "உமக்கு உங்கட ஆக்களைத் தெரியும். நீர் என்ன சொல்லுறீர்?" என்றார். அப்போது நான் சமையலுக்கு உயர்ந்திருந்தேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். உன் அம்மாவுக்குத் தெருவில் எல்லாரும் 'குரூட்ஸி' சொல்லி வணக்கம் வைத்தார்கள். ஆறு கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி. நான் வாய் கூசாமல் சொன்னேன்: "ஹெர் பிறெசிடென்ட், இந்த ஊருக்கு நாங்கள் இருக்கிறது காணும், இதுக்கு மேல வேண்டாம். புதுசா வாற பெடியள் ஒரு மாதிரி. எங்கட பேரையும் சேர்த்துக் கெடுத்துப்போடுவாங்கள்." அவர் டிராக்டர்ச் சாவியை எடுத்தார். "யாக்கோப்புக்கு இருபத்தொரு வருஷம் பிடிச்சது" என்றார். அவ்வளவுதான், டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். பெர்மிட் கிடைத்த எனக்குப் பிடித்தது இரண்டு வருடம். வெட்கத்தில் அன்று கறிக்கு உப்பே போடவில்லை.

நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரும் வந்தார்கள். மீசை வைத்த ஒருவர் முதல் நாளே ரெஸ்டோரண்டின் பின்கதவுக்கு வந்து, "அண்ணை, கொஞ்சம் கறித்தூள் இருக்கோ?" என்று கேட்டார். அவர்தான் உன் மாமனார். ஓம், உன் பெண்சாதியின் தகப்பன். நான் சொன்னபடி நடந்திருந்தால் அவர் எங்கே, அவருடைய மகள் எங்கே, மடியில் வைத்தால் என் கண்ணாடியை இழுக்கிற உன் மகள் எங்கே? இத்தனை வருடமாக இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. உன் கலியாணத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்று சிரித்த படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆல்பத்தை மூடிவிடுவேன். உன் துண்டுப்பிரசுரத்துக்கு நாற்பது வரி புகழ்ந்து எழுதி, அதற்கு நீ ஏசினபிறகு, இனித் தாங்காது என்று இன்று காலை ரயில் ஏறி பாடனுக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "சம்பந்தி, அது எனக்கு அண்டைக்கே தெரியும். பிறெசிடென்ட் சொன்னவர்."

"தெரிஞ்சுகொண்டோ எங்கட வீட்டுக்குப் பொம்பிளை தந்தனீர்?"

"நான் என்ன திறமே? எங்களுக்குப் பிறகு ஒரு பஸ்ஸில கொஞ்சப் பேரைக் கொண்டுவர இருந்தவை. பிறெசிடென்ட் என்னட்டையும் வந்து கேட்டவர். நானும் நீங்கள் சொன்னதையேதான் சொன்னனான். 'இனிக் காணும்' எண்டு."

"அவர் என்ன செய்தவர்?"

"என்ன செய்யிறது? ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு, நேர போய் மெத்தைக்கு ஓடர் குடுத்தவர்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. அவர் இன்னொரு தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். திரும்பி வரும் ரயிலில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நீ வெல்லுவாய், மகன். வென்றபின் யாராவது உன்னிடமும் வந்து, உனக்கு உங்கள் ஆட்களைத் தெரியும், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பார்கள். நானும் உன் மாமனாரும் ஒரு பதவியும் இல்லாதவர்கள். நாங்கள் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை, அதனால் எல்லாரும் தப்பினார்கள். நீ சொன்னால் கேட்பார்கள்.